தவறியவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவனும் இத்தீவின் சுகாதாரப் புள்ளிவிவர அலுவலனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். இந்த வாக்கியத்தை எல்லாக் கடிதத்திலும் கைப்பழக்கத்தில் எழுதிவிடுவேன். இந்த முறை அப்படியில்லை. எழுதுவதற்கு முன் சமையலறை வரைக்கும் போய், தங்கள் தங்கை மூச்சு விடுகிறாளா என்று எட்டிப் பார்த்து, சரிபார்த்த பிறகே எழுதியிருக்கிறேன். விடுகிறாள். கொஞ்சம் வேகமாகவே விடுகிறாள். என்னைப் பார்த்ததால் இருக்கலாம்.

தாங்கள் அனுப்பிய இரங்கல் கடிதமும் மலர்வளையமும் வெள்ளிக்கிழமைப் படகில் பத்திரமாக வந்து சேர்ந்தன. மலர்வளையத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதே தங்கள் தங்கைதான். 'ஆண்டறிக்கையைப் பார்த்தா என் தங்கச்சி போய்ச் சேர்ந்ததை நான் தெரிஞ்சுக்கணும்? நடந்து முடிஞ்சதை ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு மனசு வரலையா?' என்று தாங்கள் எழுதியிருந்ததை அவள் எனக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்தாள். அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்திய கை என்பதால், அதே கடிதத்தின் கடைசியில் என் அறிக்கையில் இரண்டு ஒற்றுப்பிழைகள் இருப்பதையும் தாங்கள் சுட்டிக்காட்டியிருந்தீர்கள். அதையும் படித்தாள். படித்து முடித்ததும், தான் இருப்பதைச் சொல்லத் தங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். 'அண்ணா' என்ற குரலைக் கேட்டதும் தாங்கள் அலறிக்கொண்டு போனைக் கீழே போட்டீர்களாம். அதற்குப் பிறகு தாங்கள் போனை எடுப்பதே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று கேட்டேன். "செத்தவ எப்படிப் பேசுவா?" என்றாள். இதுவும் பேச்சுத்தானே என்று நான் சொல்லியிருக்கக்கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன். செத்தவள் சமைக்கவும் மாட்டாள் என்பது அடுத்த வேளைதான் தெரிந்தது. அந்த மலர்வளையத்தை என் நாற்காலியின் முதுகில் மாட்டிவைத்திருக்கிறாள். அதில் சாய்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு நிமிடம் மச்சான், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். நடந்தது என்ன என்று முதலிலிருந்து சொன்னால்தான் உங்கள் கோபம் தணியும். என் வேலை என்னவென்று இங்கே பலருக்குத் தெரியாது. தீவில் யாருக்கு என்ன நோய், எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்று எண்ணி, வருடா வருடம் ஆண்டறிக்கையாக்கி, தலைமை அலுவலகத்தின் இணையத்தில் நம் தீவுக்கென்று இருக்கிற ஒரு பக்கத்தில் போடுவதும், படகுத்துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் என் வேலை. விளையாட்டு வேலை இல்லை. அந்தப் பக்கத்தில் எத்தனை சர்க்கரை நோயாளிகள் என்று போடுகிறேனோ அத்தனை பேருக்குத்தான் அக்கரையிலிருந்து மருந்து வரும். எண் இல்லையென்றால் மருந்து இல்லை. இவ்வளவு முக்கியமான பக்கத்தைப் பார்ப்பவர்கள் மொத்தம் மூன்று பேர். நான், தலைமை அலுவலகத்து இயக்குநர், நீங்கள். அதிலும் முழுக்கப் படிப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்று எனக்கு எப்போதும் உள்ளூர ஒரு பெருமை.

பெரிய ஊர்களில் எண் என்றால் எண்ணாகவே இருக்கும். இங்கே எண்ணைத் தட்டினால் ஆள் எட்டிப் பார்ப்பார். போன வருடம் நாய்க்கடி நூறு சதவீதம் உயர்ந்தது என்று போட்டேன். அக்கரையிலிருந்து பதறிப்போய் விளக்கம் கேட்டார்கள். முந்தின வருடம் ஒன்று, அந்த வருடம் இரண்டு, மூன்று தடவையும் கடிபட்டது தபால்காரர், கடித்தது ஒரே நாய் என்று விளக்கம் எழுதினேன். அதற்கும் முன்பு, 'மூலம், கடைத்தெரு, ஆண், 1' என்று போட்டேன். கடைத்தெருவில் குடியிருக்கும் ஒரே ஆண் தேநீர்க்கடைக்காரர். ஊர்ச் செய்தியெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் போகும் என்பதால் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். தன் செய்தியை மட்டும் நான் ஒலிபரப்பிவிட்டேன் என்று அவருக்கு என் மேல் தீராத கோபம். அதை மனதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இந்த வருடம் நர்ஸம்மா எல்லாத் தெருவிலும் சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தினார். வந்தவர்களைவிட வராதவர்கள் கவலைதான் பெரிது. ஆகவே 'சர்க்கரைப் பரிசோதனை முகாமுக்கு வரத் தவறியவர்கள்' என்று தனி அட்டவணையே போட்டேன். அந்தத் தலைப்பு இணையப் பக்கத்தின் கட்டத்துக்குள் நுழைய மறுத்தது. உங்களுக்கு நினைவிருக்கும், 'மாப்பிள்ளை, உங்க தலைப்பெல்லாம் ரயில்வண்டி மாதிரி இருக்கு, வெட்டுங்க' என்று நீங்கள்தான் போன வருடம் எழுதினீர்கள். குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வெட்டினேன். 'சர்க்கரை' போயிற்று, 'முகாம்' போயிற்று, 'வர' போயிற்று. கடைசியில் நின்றது 'தவறியவர்கள்: 212'. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. உண்மையில் அந்தப் பக்கத்தில் எழுத்துகளே எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. புதிதாக ஏதோ எழுத்துரு மாற்றியிருக்கிறார்கள், எல்லாம் மங்கலாக, ஓரம் கலைந்து நிற்கிறது. புகார் எழுதினேன். மற்ற யாருக்கும் அப்படித் தெரியவில்லை என்று அலட்சியமாகப் பதில் போட்டார்கள்.

தெருவாரியாகப் பிரித்துப் போடுவது வழக்கம். எங்கள் அலுவலர் குடியிருப்பில் இருப்பதே நானும் உங்கள் தங்கையும்தான். நர்ஸம்மா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்து, எங்கள் வீடு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, "உங்க வீட்ல ஒருத்தர் தவறிட்டாங்க சார்" என்றார். யார் என்று நான் கேட்கவா வேண்டும்? எல்லா முகாமுக்கும் முதல் ஆளாகப் போய் கடைசி ஆளாக எழுந்து வருகிறவன் நான். வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதுவதே நான்தான். ஆகவே 'அலுவலர் குடியிருப்பு, பெண், 1' என்று என் கையாலேயே எழுதினேன். அதைத்தான் நீங்கள் படித்தீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் மச்சான், ஒரு நிமிடம் வெளியே போய்விட்டு வருகிறேன். இந்தத் தண்ணீர் இருக்கிறதே, குடித்த வேகத்தில் வெளியே வரச் சொல்லித் தொந்தரவு செய்கிறது.

எங்கே விட்டேன்? ஆம், அறிவிப்புப் பலகை. அறிக்கையை ஒட்டிய அன்றே அந்தத் துருப்பிடித்த பலகை கழன்று என் கால் கட்டைவிரலில் விழுந்தது. அந்தக் காயம் இன்றுவரை ஆறவில்லை. நர்ஸம்மா கொடுக்கும் களிம்பு அவ்வளவு லட்சணம். வலியோடு நொண்டிக்கொண்டு நான் வீடு வந்து சேர்வதற்குள் ஒலிபெருக்கி அறிக்கையைப் படித்துவிட்டார். "நம்ம தீவுல இருநூத்திப் பன்னெண்டு பேர் தவறிட்டாங்களாம்! அரசாங்கமே போட்டிருக்கு!" என்று அவர் கத்தியதில் கடைத்தெரு முழுக்கக் கூடிவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள தீவில் இத்தனை பேர் செத்திருந்தால் தெரியாதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நம் தெருவில் எத்தனை, நம் தெருவில் எத்தனை என்று மட்டும் கேட்டார்கள்.

இதற்கிடையில் இயக்குநர் என்னைப் போனில் பிடித்தார். அந்த உரையாடலை அப்படியே எழுதுகிறேன்.

"என்னய்யா இது, இத்தனை பேர் தவறியிருக்காங்க! எதனால?"

"பெரும்பாலும் சோம்பேறித்தனம்தான் ஐயா. சில பேருக்குப் பயம்."

"பயத்துல தவறிட்டாங்களா?"

"ஊசின்னா பயம் ஐயா."

"யார் ஊசி போட்டது?"

"நம்ம நர்ஸம்மாதான்."

"எத்தனை பேர் தவறின பிறகு அந்த அம்மா நிறுத்தினாங்க?"

"அவங்க எங்கே ஐயா நிறுத்தினாங்க! அடுத்த வாரமும் முகாம் இருக்கு. இந்த வருஷம் ஒருத்தர்கூட தவறக்கூடாதுன்னு வீட்டுக்கே போய்க் குத்தப்போறாங்க."

இயக்குநர் மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற மாதிரி, அந்த அம்மாவிடமிருந்து ஊசிகளை வாங்கிப் பூட்டிவைக்கும்படி எனக்கு உத்தரவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேயறைந்தவன் போல உட்கார்ந்துவிட்டேன். பதற்றத்தில் உடனே பக்கத்தில் ஒரு திருத்தம் போட்டேன். உங்களிடம் காட்டிவிட்டுப் போட்டிருக்க வேண்டும். 'சென்ற அறிக்கையில் குறிப்பிட்ட 212 பேரும் தவறவில்லை' என்று போட்டுவிட்டேன்.

இதைப் படித்த இயக்குநர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலில் தேன். "அப்ப ஒருத்தர்கூட பரிசோதனைக்குத் தவறலை! எல்லாரும் வந்துட்டாங்க! இப்பத்தான்யா எனக்கு விளங்குது. எந்த ஊரும் இதைச் சாதிச்சதில்லை!" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. நான் 'ஐயா' என்று இடையில் புகுந்த போதெல்லாம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமைப் படகில் கேடயத்தோடு வருகிறார். முடிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் கொடுப்பாராம். ஒன்று குறைந்தாலும் 'நம்பகமற்ற விவரம்' என்று நம் தீவின் பக்கத்தையே மூடிவிட்டு, நம் எண்களை அக்கரை எண்களோடு சேர்த்துவிடுவார்களாம். சேர்த்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். அக்கரையின் லட்சங்களுக்குள் எங்கள் நூற்றுச் சொச்சம் நோயாளிகள் காணாமல் போய்விடுவார்கள் மச்சான். இங்கே ஒருத்தருக்கு மருந்து வரவில்லை என்றால் அங்கே எந்த எண்ணிலும் குறை தெரியாது. எண்ணை இனிமேல் திருத்த வழியில்லை. ஆகவே தீவைத் திருத்துவது என்று நானும் நர்ஸம்மாவும் முடிவு செய்தோம்.

அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. செத்ததாக ஊர் முழுக்கப் பேசப்பட்டவர்கள் எல்லாம் அலுவலக வாசலில் வந்து நின்று, "நான் இருக்கேன், என் பேரை எடுங்க" என்று சண்டை போட்டார்களா, நர்ஸம்மா ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்க சொன்னா ஆச்சா? உயிரோட இருந்தா ரத்தம் வரணும்ல, விரலை நீட்டுங்க" என்றார். நீட்டினார்கள்! வருடம் முழுக்க நான் ஒட்டிய சுவரொட்டிகளுக்கு அசையாதவர்கள் வரிசையில் நின்று நீட்டினார்கள். வரிசையில் இடித்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கி இரண்டு விரலை நீட்டினார், ஒன்று மனைவிக்காகவாம். மனைவியைத் தனியாக வரச் சொல்லி அனுப்பினோம். இருபத்தாறு பேருக்குப் புதிதாகச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. என் அறிக்கையில் பிழை இல்லாமல் இருந்திருந்தால் இந்த இருபத்தாறு பேரும் அவரவர் வீட்டில் நிம்மதியாகக் கெட்டுப்போயிருப்பார்கள்.

இருநூற்றுப் பதினொரு பேர் முடிந்துவிட்டது. பாக்கி ஒன்று. அந்த ஒன்று உங்கள் தங்கை.

நர்ஸம்மா தினமும் காலையில் என் மேசைக்கு வந்து, "இன்னும் ஒருத்தர்தான் சார் பாக்கி" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் நிலைமையைப் பார்த்து அவருக்கு இரக்கம். "தெரியும்மா, வீட்ல பேசிட்டு இருக்கேன்" என்கிறேன். நேற்று என் கையைப் பிடித்து, "சார், சும்மா விரலை நீட்டுங்களேன், மெஷின் சரியா இருக்கான்னு பார்த்துடலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சோதனைப் பட்டை வீணானால் கணக்கு எங்கே போய் நிற்கும்? பாக்கி ஒரு ஆள், பட்டையும் ஒன்று என்று எண்ணி வைத்திருக்கிறேன். நம்பகத்தன்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

உங்கள் தங்கையிடம் நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. பேச மாட்டேன் என்ற விரதத்தை ஒரே ஒரு தடவை உடைத்து, "போக வேண்டியவங்க முதல்ல போகட்டும்" என்றாள். எவ்வளவு வீம்பு பாருங்கள். எனக்கோ சந்தேகம் நாளுக்கு நாள் வலுக்கிறது. அவளுக்கு நிச்சயம் சர்க்கரை இருக்கிறது. ஆதாரம் வேண்டுமானால் சொல்கிறேன். வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவைக் காணவில்லை! எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு தனியாகத் தின்கிறாள் என்று நினைக்கிறேன். அவள் சமைக்காததால் நான் ஒலிபெருக்கி கடையில் ரொட்டியும் ஜாமும் இனிப்பு சோடாவுமாகக் காலம் தள்ளுகிறேன். அப்படியும் என் கால்சட்டைகள் எல்லாம் இடுப்பில் நிற்காமல் நழுவுகின்றன. தையல்காரர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார். கேட்டால், போன வருடம் சரியாக இருந்ததே என்று என்னிடமே வாதாடுகிறார். வெளியே ஒரு நடை போய்விட்டு வந்து தொடர்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சான், விளையாட்டாக எழுதிக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. கேடயத்துக்காக இல்லை. 'பெண், 1' என்று எழுதியபோது எனக்குக் கை கூசவில்லை. உங்கள் மலர்வளையம் வந்த பிறகுதான் அந்த ஒன்று என்பது யார் என்று கண்ணில் பட்டது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே முடியவில்லை. நான் சொல்லி அவள் எதையும் கேட்டதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். படகு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். இருந்தாலும் இந்த வெள்ளிக்கிழமைப் படகில் வந்து, அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்த ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துக்கொடுத்துவிட்டால் உங்களுக்குக் கோடிப் புண்ணியம். வரும்போது மறக்காமல் ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வரவும். ஒலிபெருக்கி என் தேநீரில் வேண்டுமென்றே குறைத்துப் போடுகிறார்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் ஆண்டுதோறும் நூறு சதவீதம் உயர்ந்து வாழ என் ஆசிகள். ஒற்றுப்பிழைகள் இருந்தால் நேரில் வந்து திருத்தவும்.

தங்கள் உயிரோடிருக்கும் தங்கையின், உயிர் போய்க்கொண்டிருக்கும் கணவன்.

பி.கு.: உறையைத் தேடிவிட்டேன், தபால்தலை காணவில்லை. வெளியே போய்விட்டு வந்து தேடுகிறேன்.

அண்ணா, இது நான். தபால்தலை என்கிட்டதான் இருக்கு. இவர் மறுபடி வெளியே போயிருக்கார், வர்றதுக்குள்ள எழுதிடறேன். முழுசும் படிச்சேன். நான் முதல் முகாம்லயே குத்திக்கிட்டேன். இவர் தண்ணி குடிக்க எழுந்து போன நேரம், இவர் சீட்டு எழுதலை. எனக்குச் சர்க்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் சீட்டு எழுதினவர் தனக்கு ஒரு சீட்டு எழுதிக்கலை. ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிற ஆளு. நர்ஸம்மா மரியாதைக்காக 'ஒருத்தர்'னு சொன்னாங்க. அந்த ஒருத்தர் இவர்தான்.

சர்க்கரை டப்பாவை அரிசிக்குள்ள புதைச்சு வெச்சிருக்கேன். முதல்ல கோவத்துல பேசாம இருந்தேன். சமைக்கலைன்னா பசியில இறங்கி வருவார்னு நெனச்சேன், அவர் சோடாவுக்குப் போயிட்டார். இப்ப இவர் குடிக்கிற தண்ணியையும் அந்தக் கால் விரலையும் பார்த்துட்டு, பயத்துல எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது. நான் சொன்னா ஆதாரம் எங்கேம்பார். நீ பிழைன்னு சொன்னா மட்டும்தான் ஒத்துப்பார். உன் சிவப்புப் பேனாவை எடுத்துட்டு வா. 'பெண்'ங்கிறதை அடிச்சுட்டு 'ஆண்'னு எழுது. அதுக்கு முன்னாடி விரலைப் பிடிச்சுக்கோ, ஓடிடுவார்.

உன் மலர்வளையத்தை இப்பத்தான் அவர் நாற்காலியிலேர்ந்து எடுத்து ஜன்னல் வழியாக் கடல்ல வீசிட்டேன். என்னைச் செத்தவளா இவர் எழுதினார், சிரிச்சாச்சு. இவருக்கு ஒண்ணுன்னா அதை எண்ணி எழுத இந்தத் தீவுல வேற ஆள் கிடையாது அண்ணா.

வெள்ளிக்கிழமை வந்துடு. சர்க்கரை வாங்கிட்டு வராதே.